ஏழாவது உறுப்பினர்

மேயர் திருமலைக்கொழுந்து அன்று காலை மடத்துக்கு ஏறக்குறைய ஓடியே வந்தார். கையில் ஒரு கட்டுத் தாள்.

மடத்தில் சொக்கம்மை இருந்தார். மேயரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு.

“அம்மா, நம்ம ஊருக்கும் சிறுவணிகர் நல ஆணையம் வருது! கடைக்கு இடம், கடன் உதவி எல்லாம் இனி அந்த ஏழு பேர் முடிவுதான். ஆறு பேரை மாமன்றம் தேர்ந்தெடுத்தாச்சு. வியாபாரிகள் சார்பா ஒருத்தரை நான் நியமிக்கணும். இன்னைக்கே ஆணை போடணும். நாற்பத்தொரு விண்ணப்பம் வந்திருக்கு. யாரைப் போட?”

சொக்கம்மை தாள்களைப் பிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க, சந்தைக்குப் போவோம்.”

சந்தையில் மேயரைக் கண்டதும் வியாபாரிகள் சூழ்ந்துகொண்டார்கள். விண்ணப்பம் போட்டவர்கள் முண்டியடித்து முன்னால் வந்து கும்பிட்டார்கள்.

சொக்கம்மை உரக்கக் கேட்டார்: “அவசரமா வெளியே போகணும்னா, கடையை யார்கிட்ட விட்டுட்டுப் போவீங்க? கை காட்டுங்க.”

கைகள் நீண்டன. பூக்காரர் கை, சாவி செய்பவர் கை, வளையல்காரி கை. பத்து, இருபது, ஐம்பது. பெரும்பாலும் ஒரே மூலையைப் பார்த்து. விண்ணப்பம் போட்டிருந்த பாத்திரக்கடை வேலாண்டி, தன் கையும் அந்தப் பக்கமே நீண்டிருப்பதைக் கண்டு சிரித்துவிட்டார்.

மூலையில் குடை தைத்துக்கொண்டிருந்த ஜெய்த்தூன் பீவி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாருமில்லை.

மேயர் விஷயத்தைச் சொன்னார்.

“நானா? நான் விண்ணப்பமே போடலையே! கூட்டத்துக்கு வந்துட்டா என் கடையை யார் பாப்பா?”

“நாங்க பாத்துக்கறோம்!”

சந்தையே கத்தியது. யாரோ விசிலடித்தார்கள்.

ஜெய்த்தூன் பீவி ஊசியைத் துணியில் குத்திவைத்தார். “சரி, வர்றேன். ஆனா மழைக்காலத்துல தள்ளுவண்டிக்காரங்க எங்கே ஒதுங்குவாங்கன்னுதான் முதல்ல கேப்பேன்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வாழைத்தார் இறக்கிய வண்டியின் பலகைமேல் ஆணையை வைத்து, அங்கேயே பெயர் எழுதிக் கையெழுத்திட்டார் மேயர்.

திரும்பி நடக்கும்போது கேட்டார்: “அம்மா, இவங்களை நியமிச்சது நானா, அந்த ஜனங்களா?”

“அவங்க எப்பவோ நியமிச்சிட்டாங்க. உங்க ஆபீசுக்கு இன்னைக்குத்தான் சேதி வந்திருக்கு.”