பண்ணாடி கறந்த பால்

பெரிய பண்ணைக்காரர் சென்னியப்பனை ஊரே ‘பண்ணாடி’ என்றுதான் கூப்பிடவேண்டும். அவருக்கு ஒரு வீம்பு: தன் செவலை மாட்டுப் பால்தான் ஊரிலேயே கெட்டியாக இருக்கவேண்டும். அதற்காகத் தீவனத்தில் தினம் ஒரு படி கடலை எண்ணெய் ஊற்றினார். பால் சொசைட்டி மிஷினோ, அதுவரை நாலரை சதவீதமாக இருந்த கொழுப்பு மூன்றுக்கு இறங்கிவிட்டதாகக் காட்டியது.

“வெண்ணெயைத் திருடிட்டியா?” என்று பால் கறக்கும் ரங்காத்தா மேல் பாய்ந்தார். “நாளைக்கு அஞ்சு காட்டோணும். இல்லாட்டி வேலைக்கு வராதே!”

“என் கை மேல சந்தேகம்னா, நாளைக்கு நீங்களே கறந்து கொண்டாந்து ஊத்துங்க பண்ணாடி” என்றாள் ரங்காத்தா.

மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிப் பண்ணாடி உட்கார்ந்தார். புதுக் கை பட்டதும் செவலை விட்டது ஒரு உதை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே கறந்து, சொசைட்டிக்கு நொண்டி நொண்டி வந்தார். மிஷின் இரண்டரை என்றது.

“ஏனுங்க பண்ணாடி, இன்னிக்கு வெண்ணெயைத் திருடுனது யாருங்க?” என்று கேட்டாள் கூடவே வந்திருந்த ரங்காத்தா.

வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

“பின்ன எங்கதான் போச்சு?” என்று உறுமினார்.

“மாட்டு வயித்துல வைக்கோலைச் செரிக்கிற பொடிப் பூச்சிங்க இருக்குதுன்னு மாட்டு டாக்டர் சொன்னாருங்க. அதுங்க பாடுபட்டாத்தான் பாலுல வெண்ணெய். நீங்க தினமும் எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டா அதுங்க எப்பங்க வேலை செய்யும்? சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா நீங்களே கட்டிலை விட்டு எந்திரிக்கறதில்லீங்களே!”

எண்ணெய் நின்றது. பத்துப் பதினைந்து நாளில் கொழுப்பு நாலரைக்கு ஏறியது. மிச்ச எண்ணெயும் வீண் போகவில்லை. உதை வாங்கிய இடுப்புக்குத் தேய்க்கவே பண்ணாடிக்கு அது போதவில்லை.