பட்டறைமேடு வெள்ளோட்டம்

பட்டறைமேட்டுக்கு இலகு ரயில் வேண்டும் என்று வேதமுத்து போராடத் தொடங்கியபோது அவருக்கு மீசை கறுப்பு. ரயில் வந்தபோது அதில் ஒரு கறுப்பு முடி இல்லை.

மனு கொடுத்தால் சிரித்தார்கள். மறியல் செய்தால் மண்டையை உடைத்தார்கள். கடைசியில் தண்டவாளம் வந்தது. நிலையம் கட்ட இடம் வேண்டுமென்று பட்டறைமேட்டு வீடுகளை இடித்தார்கள். ஜனங்களை லாரியில் அள்ளிப்போய், ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்து அடுக்குமாடியில் இறக்கினார்கள். ரயில் அங்கே போகாது.

இப்போது பாதையை நத்தமேடு வரை நீட்டப் போகிறார்கள். அங்கேயும் வீடுகள் இருக்கின்றன. போராட்டக் குழுத் தலைவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் வேதமுத்துதான்.

அவர் மரகதத்தைத் தேடிப் போனார். வயதில் இளையவள்தான். ஆனாலும் அவருக்கு ஆசான். மறியலில் பிடிபட்டு மண்டபத்தில் அடைபட்டுக் கிடந்த நாட்களில், கையெழுத்துகூடப் போடத் தெரியாத அவருக்குத் துண்டறிக்கையை விரித்து எழுத்தைக் கற்றுக் கொடுத்தவள்.

மரகதம் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“கையெழுத்துப் போடட்டுமா, தோழர்?”

“ஸ்டேஷன் கல்வெட்டுல உங்க பேரு வருதாமே, அண்ணே?”

“வந்தா என்ன? அடி வாங்கினது இந்த மண்டைதானே?”

“மண்டை உங்களுதுதான்.”

“நத்தமேட்டுக்காரனும் பஸ் இல்லாமத்தானே சாகறான்? அவனுக்கு ரயில் வேணாமா?”

அவள் பசையைக் கிண்டினாள். “வெள்ளோட்டத்துக்கு உங்களைக் கூப்பிட்டிருக்காங்க இல்ல? என்னையும் கூட்டிட்டுப் போங்க.”

நல்ல வெயிலில் வண்டி புறப்பட்டது. ஜனங்களை ஏற்றுவதற்கு முன் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஓர் ஆளுக்கு ஒரு மூட்டை. இருக்கைகளில் மூட்டைகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. நடுவிலும் நின்றன.

“நல்ல பயணிங்க சார். சீட்டுக்குச் சண்டை போட மாட்டாங்க” என்றார் கூட வந்த பொறியாளர்.

வேதமுத்து சிரித்தார். மரகதம் சிரிக்கவில்லை.

பட்டறைமேடு வந்தது. கதவு திறந்தது. புது நடைமேடையில் ஒருவரும் இல்லை. அதற்கு அப்பால் சமப்படுத்திய வெறும் மண்.

கதவு மூடப்போய், பாதியில் நின்று, மறுபடி திறந்தது.

“கதவருகே நிற்பவர்கள் உள்ளே செல்லவும்” என்றது பதிவுசெய்த குரல்.

“தூசியா இருக்கும்.” பொறியாளர் கைக்குட்டையால் கதவோரத்தைத் துடைத்தார்.

கதவு மூடப் பார்த்தது. திறந்தது.

“கதவருகே நிற்பவர்கள் உள்ளே செல்லவும்.”

வேதமுத்துவுக்குக் கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை அடித்தது. இடிபட்ட வீடுகளின் அந்த வாசனையில்தான் அவர் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார். எட்டிப் பார்த்தார். வெறும் மண்தான்.

மரகதம் எழுந்தாள். கதவருகே இருக்கையில் இருந்த மூட்டையைக் கட்டிப்பிடித்து இழுத்து நடைமேடையில் இறக்கினாள். அடுத்ததையும் இறக்கினாள்.

“அம்மா, என்ன பண்றீங்க? கணக்கு கெட்டுப்போகும்!”

அவள் பொறியாளரைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னாள்: “உள்ளே நகருங்க. பின்னால நிறையப் பேர் நிக்கிறாங்க.”

வண்டி மெல்லத் தாழ்ந்தது. பிறகு கதவு மூடிக்கொண்டது.

பொறியாளர் திரையைத் தட்டினார். “எடை ஏறிக்கிட்டே போகுதே…” என்று தனக்குள் முணுமுணுத்தார்.

வண்டி நகர்ந்தது. வேதமுத்துவின் தோளை எதுவோ நெருக்கியது. ரயில் ஆட்டம் என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொண்டே, இருக்கையில் ஓரமாக ஒதுங்கி இடம் விட்டார். இடம் விட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார்; பக்கத்தில் யாரும் இல்லை.

தண்டவாளம் முடிகிற இடத்தில் வண்டி நின்றது. எதிரே நத்தமேட்டு ஓட்டு வீடுகள். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி ரயிலைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தாள்.

“இது கடைசி நிறுத்தம். பயணிகள் அனைவரும் இறங்கவும்.”

கதவுகள் திறந்தன. தாழ்ந்திருந்த வண்டி நிமிரவில்லை.

பொறியாளர் சம்மதப் பத்திரத்தையும் பேனாவையும் நீட்டினார். “போட்டுடுங்க சார். மேலிடத்துல காத்திருக்காங்க.”

வேதமுத்து பேனாவை வாங்கினார்.

“தோழர்… போடட்டுமா?”

மரகதம் பெட்டியைக் கண்ணால் காட்டினாள்.

“முதல்ல பட்டறைமேட்டுல ஏறின இவங்க எங்க இறங்கணும்னு கேட்டுச் சொல்லுங்க, அண்ணே.”