கரடி நடத்திய நலக் கூட்டம்

ஒரு காட்டில் இலுப்பை மரங்கள் தோப்புத் தோப்பாக நின்றன. அங்கே ஒரு கரடி பெரிய களம் வைத்திருந்தது. சித்திரை பிறந்துவிட்டால் அந்தக் களத்தில் வேலை தூள் பறக்கும்.

என்ன வேலை என்கிறீர்களா? விடியும்போதே குரங்கு கிளையை உலுக்கும். பூ பொலபொலவென்று கொட்டும். கழுதை அதைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து களத்தில் சேர்க்கும். அணில்கள் சருகையும் குச்சியையும் பொறுக்கி எறிந்துவிட்டுப் பூவைப் பரப்பும். காய்ந்த பூ கரடியின் குகைக்குப் போகும். மழைக்காலத்தில் அதிலிருந்து எல்லாருக்கும் பங்கு கிடைக்கும். ஒரு நாள் வராமல் நின்றால் பங்கு கிடையாது. அதனால் யாரும் நிற்கமாட்டார்கள்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வெயில் உச்சிக்கு ஏறியதும் களத்தில் யாரும் கால் வைக்கக்கூடாது. சூட்டில் இளகிக் கிடக்கும் பூவை மிதித்தால் கூழாகிவிடும். அந்த ஒரு மணி நேரம் எல்லாரும் சும்மா இருக்க வேண்டியதுதான்.

செவந்தி என்ற கழுதைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உயிர். ஓடைக்கரையில் புங்க மரத்தடியில் அதன் குட்டி படுத்திருக்கும். பிறந்து பன்னிரண்டே நாள். களத்துக்குக் கூட்டிவரலாமா என்று கேட்டதற்கு, "பூவை மிதிச்சு நாசம் பண்ணிடும்" என்று கரடி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. அதனால் உச்சி வெயிலில் செவந்தி ஓடைக்கு ஓடும். தானும் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கும், குட்டிக்கும் பால் கொடுக்கும். குடித்த தெம்பில் குட்டி தள்ளாடித் தள்ளாடி நாலு எட்டு வைப்பதைப் பார்த்தால் போதும், செவந்திக்கு முதுகு வலி மறந்துபோகும்.

அந்த வருடம் பூ அளவுக்கு மீறிப் பூத்தது. கரடி கூடைகளை இரட்டிப்பாக்கியது. களத்தில் நிழல் கிடையாது. பக்கத்தில் தண்ணீரும் கிடையாது. எல்லார் முகமும் வாடிப்போய்த் தொங்கியது.

ஒருநாள் பக்கத்துக் காட்டுச் சிறுத்தை விருந்துக்கு வந்தது. களத்தைப் பார்த்துவிட்டு, "என்ன கரடியாரே, உங்க ஆளுங்க எல்லாம் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்காங்க?" என்று கேட்டது.

கரடிக்கு மானம் போய்விட்டது. வேலை குறைந்தால் பொறுத்துக்கொள்ளும், விருந்தாளி முன்னால் பெயர் கெட்டால் பொறுக்காது. உடனே ஆலோசனை சொல்ல ஒரு கிளியைக் கூட்டிவந்தது.

அது பட்டணத்துக் கிளி. ஏழு வருடம் ஓர் அலுவலக ஜன்னலில் கூண்டில் இருந்துவிட்டு வந்தது. அங்கே பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசியதெல்லாம் அதற்கு மனப்பாடம்.

"ஊழியர் நலம்! மனமலர்ச்சி! ஒருமித்த புன்னகை!" என்றது கிளி.

கரடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால், இது பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டது.

"இந்த நலக் கூட்டத்தை எப்ப வைக்கலாம், கிளியம்மா?"

"வேலை கெடாத நேரத்தில் வைக்க வேண்டும்!"

கரடி யோசித்தது. வேலை கெடாத நேரம் எது? உச்சி வெயில் நேரம். பயல்கள் சும்மாதானே இருக்கிறார்கள்!

மறுநாள் சூரியன் தலைக்கு மேல் வந்ததும் செவந்தி ஓடைப் பக்கம் திரும்பியது. "ஏ செவந்தி, எங்க போற? எல்லாரும் வட்டமா நில்லுங்க. இனிமே இது நல நேரம்" என்று கரடி கூப்பிட்டது.

எல்லாரும் களத்தின் ஓரத்தில் மொட்டை வெயிலில் வட்டமாக நின்றார்கள். கிளி ஒரு கொம்பின்மேல் உட்கார்ந்துகொண்டது. "மூச்சை இழுங்கள்! கவலையை விடுங்கள்! இப்போது அனைவரும் புன்னகை!"

கரடி ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தது. சிரிக்காதவர்களுக்கு வேலை முடிந்தபின் கூடுதல் நலம் உண்டு என்று அறிவித்தது.

மொக்கையன் என்ற குரங்கு செவந்தியின் காதில் கிசுகிசுத்தது. "சிரிப்பு வரலேன்னா பல்லை மட்டும் காட்டுக்கா. எனக்குக் கஷ்டமே இல்ல, பொறந்ததுலேருந்தே மூஞ்சி இப்படித்தான் இருக்கு."

"என் பிள்ளை அங்க பசியில கத்துதே மொக்கையா" என்றது செவந்தி, பல்லைக் காட்டிக்கொண்டே.

நேரம் முடிந்தது. உடனே பூவைப் புரட்ட வேண்டும். செவந்தியால் ஓடைக்குப் போகவே முடியவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே செவந்தி கரடியிடம் போய் நின்றது.

"முதலாளி, எனக்கு நலம் வேண்டாம். உச்சி நேரத்துல பழையபடி விட்டுட்டீங்கன்னா போதும். குட்டிக்குப் பால் கொடுக்கணும்."

கரடிக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்காகத்தானம்மா இத்தனை பாடு! நலம் வேண்டாங்கிறியே, உன் மனசு எவ்வளவு கெட்டுக் கிடக்குது பாரு! கிளியம்மா, இந்தச் செவந்திக்கு ரெண்டு பங்கு நலம் எழுதிக்க."

அன்று மாலை எல்லாரும் போனபிறகும் செவந்தி தனியாக நின்று மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் விடியற்காலை. இரவுப் பால் மட்டும் போதாமல் துவண்டுபோன குட்டி எழுந்திருக்கவில்லை. செவந்தி மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. பக்கத்திலேயே படுத்து மடியைக் காட்டியது. குட்டி வாய் வைத்தது, ஆனால் இழுக்கத் தெம்பில்லை. இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது.

செவந்தி அழவில்லை. களத்துக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனது. வேண்டாம் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் ஊட்டுகிற ஆளிடம் என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்லக்கூடாது. "ரொம்ப நல்லாயிருக்கு, நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும்.

களத்துக்கு வந்ததும் நேராகக் கரடியிடம் போனது. வாய் நிறையச் சிரித்தது.

"முதலாளி, அன்னிக்குப் புத்தியில்லாமப் பேசிட்டேன். நலம்னா என்னன்னு இப்பத்தான் தெரியுது. ஆனா உங்களைப் பார்த்தாத்தான் வயித்தெரிச்சலா இருக்கு."

"என்னைப் பார்த்தா? ஏன்?"

"எங்க நலத்தையே நினைச்சு நினைச்சு, உங்க கண்ணு குழி விழுந்து கிடக்கே! நாங்க எல்லாம் நலமா இருக்கோம். முதலாளி நலத்தைக் கேக்க இந்தக் காட்டுல ஒரு நாதி உண்டா?"

கரடி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தது. உண்மைதான் போலிருக்கிறதே!

"முதலாளி நலம்! முதலாளி நலம்!" என்று கிளி பிடித்துக்கொண்டது. அதற்குப் புதிதாக ஒரு சொல் கிடைத்த சந்தோஷம்.

"இன்னிக்கு ஒரு நாள் எங்களோட இப்பலேருந்தே வேலையில இருங்க முதலாளி. உழைச்சுட்டு வந்து நின்னாத்தான் நலம் உடம்புல ஒட்டும்" என்றது செவந்தி.

"அப்படியா? செஞ்சுடுவோம்" என்று கரடி தோளைக் குலுக்கிக்கொண்டது.

செவந்தி கூடையைத் தூக்கிக் கரடியின் முதுகில் வைத்தது. எட்டுக் கூடை சுமப்பதற்குள் கரடிக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. அதன் உடம்பு முழுக்க அடர்த்தியான கறுப்பு ரோமம். வெயில் அதில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. பத்துக் கூடை ஆனதும் சூரியன் உச்சிக்கு வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் கரடி, எல்லார் வாயையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் குளுகுளுவென்றிருக்கும் குகைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இன்றைக்கு அது வட்டத்தின் நடுவில் நின்றது.

"மூச்சை இழுங்கள்!" என்றது கிளி.

கரடி இழுத்தது. அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் சூடான காற்று உள்ளே போனது.

"எனக்குத் தண்ணி வேணும்."

"கவலையை விடுங்கள்!"

"கவலை இல்ல கிளியம்மா, தாகம்!"

"முதலாளி, சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க" என்றது மொக்கையன் பணிவாக. "இல்லேன்னா சாயங்காலம் கூடுதலா நிக்கணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

அணில்கள் வாலால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின. முதல்முறையாகக் களத்தில் நிஜமான சிரிப்பு கேட்டது.

கரடிக்குக் கண் இருட்டியது. "கிளியம்மா, பட்டணத்துல இப்படி நின்னவங்க எல்லாம் நலமாத்தான் இருந்தாங்களா?"

கிளி தலையைச் சாய்த்து யோசித்தது. "அது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். பேசினவங்க குரல்தான் கேட்டுச்சு. மத்தவங்க யாரும் வாயைத் திறந்து நான் கேட்டதே இல்ல."

அவ்வளவுதான். கரடி வட்டத்தை உடைத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தது. எங்கே ஓடியது? தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தான். அதற்குள் அதை முந்திக்கொண்டு இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. செவந்தி! முதலாளியே கூட்டத்தை விட்டு ஓடினால், மற்றவர்கள் நிற்க வேண்டுமா என்ன?

கரடி ஓடைக்குள் தொப்பென்று விழுந்தது. மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி கிடந்து, மடமடவென்று குடித்தது. உயிர் திரும்பி வந்தபின் கரையைப் பார்த்தது.

புங்க மரத்தடியில் செவந்தி படுத்திருந்தது. குட்டியின் விலா எலும்பை எண்ணிவிடலாம். செவந்தி அதன் உதட்டை நக்கி நனைத்தது. மடியை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. குட்டி முதலில் சும்மா கிடந்தது. பிறகு மெல்ல இழுத்தது. நிறுத்தியது. மறுபடியும் இழுத்தது.

கரடி தண்ணீரை விட்டு எழுந்து வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தது.

"செவந்தி, உண்மையைச் சொல்லு. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"தண்ணி. நிழல். பழைய கூடைக் கணக்கு. இந்த ஒரு மணி நேரம்."

"இவ்வளவுதானா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டாம் நாள் சொன்னேன் முதலாளி. ரெண்டு பங்கு நலம் கொடுத்தீங்க."

கரடி எழுந்து ஓலை வெட்டப் போனது.

மறுநாள் களத்தின் ஓரத்தில் தென்னை ஓலைப் பந்தல் ஒன்று எழுந்தது. அதனடியில் தண்ணீர்த் தொட்டி வந்தது. கூடைகள் பாதியாகக் குறைந்தன. உச்சி வேளையில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. "ராத்திரி பகலா மூளையைக் கசக்கி நானே கண்டுபிடிச்சேன்" என்று கரடி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று செவந்தி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது. வயிறு நிறைந்த குட்டி ஓடைக்கரை முழுக்கத் துள்ளி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துரத்திப் பிடிக்க ஒரு மணி நேரம் போதவில்லை.

நீதி: உழைப்பவர்க்கு எது நலம் என்பதை உழைப்பவரிடமே கேட்க வேண்டும், கேட்டபின் அதையே செய்ய வேண்டும்.