லாபம் என்று பாடிய முதலாளி

பொள்ளாச்சி தேங்காய் மண்டியில் மயில்சாமி முதலாளி உத்தரவு போட்டார். "எண்ணும்போது பாட்டு கூடாது. சிரிச்சவங்க உடனே வீட்டுக்குப் போகணும். மூணு மணிக்கு லாரி கிளம்பணும்!"

பாட்டில்லாமல் எண்ணிக்கை இரண்டு முறை தப்பியது. முதலாளி எகிறினார்.

காய் வீசும் சிட்டாத்தாள் கும்பிட்டாள். "எப்படி எண்ணுறதுன்னு நீங்களே காட்டுங்க முதலாளி."

முதலாளி விறைப்பாக எண்ணினார். நானூற்றை எட்டியபோது ஒரு காய் உருண்டது. துரத்திப் பிடித்தவருக்கு எண் மறந்துபோனது. தன்னை நினைத்து அவரே பகபகவென்று சிரித்துவிட்டார்.

"சிரிச்சவங்க வீட்டுக்குப் போகணுமுங்களே?" என்றாள் சிட்டாத்தாள்.

"லாரியை அனுப்பிட்டுப் போறேன்!" தலையில் துண்டைக் கட்டி வரிசையில் நின்றவர், மண்டி வழக்கப்படி ஒன்றுக்குப் பதிலாக "லாபம்!" என்று ராகம் இழுத்தார். மண்டியில் வேலை செய்த நாற்பது பேரும் "ரெண்டு!" என்று பாடினார்கள்.

இரண்டரைக்கே லாரி புறப்பட்டது. ஒரு காய்கூடக் குறையவில்லை.

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு, சொன்னபடியே வீட்டுக்கு நடந்தார்.

சிட்டாத்தாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்: "நாளைக்கு நேரத்துல வேலைக்கு வந்துடுங்க முதலாளி!"