ஒரு கரண்டி உறைமோர்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. பெரிய மடம் இல்லை. ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, இரண்டு பசு, கல்லால் கட்டிய ஒரு சமாதி. சமாதியில் இருந்தவர் மடத்தைத் தொடங்கிய பெரியவர்.

அவர் தம் கையால் உறை ஊற்றிய மோர்தான் அன்று முதல் அறுபடாமல் வருகிறது என்பது அந்த வட்டாரத்தின் நம்பிக்கை. நேற்றைய மோரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு. இன்றைய மோரில் ஒரு கரண்டி நாளைய பாலுக்கு. அந்த ஒரு கரண்டி எப்போதும் உறைச்சட்டியில் இருக்கும். விளக்கு அணைந்தால் ஏற்றிக்கொள்ளலாம், உறைச்சட்டி ஒழிந்தால் ஒழிந்ததுதான் என்பார்கள். குருபூசை அன்று அந்த மோரை ஆளுக்கு ஒரு கை வாங்கிக் குடிக்க ஊர் ஊராகச் சனம் வரும்.

மடத்தின் தலைவி உலகம்மை. ஐம்பது வயது. அடுப்படி வேலைக்கு வந்து, அப்படியே காவி கட்டியவர். சீடர் அறவாழி அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்லூரியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்று, மனைவி காலமான பிறகு ஒரு பையோடு வந்து சேர்ந்தார். உலகம்மை அவரை வாத்தியாரய்யா என்பார். அவர் உலகம்மையைத் தாயே என்பார்.

அறவாழியிடம் ஒரு கேள்வி இருந்தது. பூமியில் முதல் உயிர் எப்படி வந்தது?

முப்பது வருடம் இதைப் பாடமாக நடத்தியவர் அவர். ஆதிக் கடல், ஆவி, மின்னல் என்று கரும்பலகையில் வரைவார். கண்ணாடிக் குடுவைக்குள் மின்பொறி பாய்ச்சி, உயிரைக் கட்டுவதற்கான கற்களைச் செய்து பார்த்த கதையைச் சொல்வார். கற்கள் கிடைத்தன, வீடு எழும்பவில்லை. எந்தக் கணத்தில் சேறு உயிராயிற்று என்று எவனாவது கேட்கும் நேரமும் மணி அடிக்கும் நேரமும் ஒன்றாக அமையும்படி பார்த்துக்கொள்வார்.

தன் கடைசி நாளில் அவர் மனைவி கேட்டாள், நாமெல்லாம் எங்கேருந்துங்க வந்தோம் என்று. அவர் அதே பாடத்தைச் சொன்னார். அங்கே மணி அடிக்கவில்லை.

மடத்துக்கு வந்து புராணம் கேட்டார். நீரின் மேல் ஒரு முட்டை மிதந்தது, அது பிளந்து உலகமாயிற்று என்றது புராணம். முட்டையை இட்டது யார் என்று அவருக்குள் இருந்த வாத்தியார் எழுந்து நின்றார்.

எது சரி தாயே என்று உலகம்மையிடம் வந்து நிற்பார். மணி அடித்ததையும் அடிக்காததையும் ஒளிக்காமல் சொல்வார். உலகம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முதலில் புளியைக் கரைப்போம் வாத்தியாரய்யா என்பார். இப்படியே இரண்டு வருடம் புளி கரைந்தது.

குருபூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது அறவாழியை அடுப்படி உதவிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அவர் உறைச்சட்டியை முதல்முறை கிட்டத்தில் பார்த்தார். மண்சட்டி. விளிம்பெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. அடியில் கிடந்த மோரின் புளிப்பு மூக்கைத் துளைத்தது. பெரியவர் பேரைச் சொல்லிச் சனம் குடிக்கப்போகும் மோர் இந்த அழுக்கிலா உறைய வேண்டும்? அவருக்கு மனம் பொறுக்கவில்லை. உறைக்கு வேண்டியதைப் பெரிய மோர்ப்பானையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பெரிய பானை முந்தின நாளே காலியாகி, கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

ஆய்வுக்கூடத்தில் பழகிய கை. மோரைத் தென்னை மரத்தடியில் கொட்டினார். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை இரண்டு முறை ஊற்றி, வெயிலில் கவிழ்த்தார். ஒரு கிருமிகூடத் தப்பியிருக்காது.

சமையல்காரி இசக்கியம்மா வந்து சட்டியை எடுத்தாள். முகர்ந்தாள். உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"படிச்ச கை. நல்லா வெளுத்திருக்கு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு வழியும் சொன்னாள். தெருமுக்குக் கடையில் பாக்கெட் தயிர் விற்கிறது. ஒன்று வாங்கி வந்து உறை ஊற்றினால் எவருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே அம்மா என்றார் அறவாழி. அப்படியானால் தாயிடம் போய்ச் சொல்லிவிட்டு வாரும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் போய்த் தன் பையைக் கட்டினார். இத்தனை வருட மோரை ஒரு காலையில் அறுத்தவனுக்கு இங்கே இடமில்லை. யாரும் சொல்லும் முன்பே போய்விடுவதுதான் மரியாதை.

உலகம்மை முற்றத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அறவாழி நின்றபடியே நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

"சட்டி நல்லாக் காய்ஞ்சிருச்சா?" என்று கேட்டார் உலகம்மை.

"காய்ஞ்சிருச்சு தாயே."

"பாலைக் காய்ச்சி ஆற வைங்க. விரல் விட்டா இதமா இருக்கணும். காய்ஞ்ச மிளகாய் ஒரு கை கொண்டாங்க."

அவர் கொண்டுவந்தார். உலகம்மை ஒவ்வொரு மிளகாயாக எடுத்துக் காம்பை மட்டும் கிள்ளினார். பத்துப் பன்னிரண்டு காம்பு. கழுவிய சட்டியில் பாலை ஊற்றி, காம்புகளை அதில் போட்டு மூடினார்.

"போர்த்தணும். உங்க பையிலே கனத்த துணி ஏதாச்சும் இருக்கா?"

பையை அவிழ்க்க வேண்டியதாயிற்று. உள்ளே மனைவியின் பழைய நூல்சேலை ஒன்று இருந்தது. தயங்கிக் கொடுத்தார். உலகம்மை அதைச் சட்டியைச் சுற்றி இறுக்கி, அடுப்பின் ஓரத்தில் வெதுவெதுப்பான இடமாகப் பார்த்து வைத்தார்.

அறவாழி பக்கத்திலேயே உட்கார்ந்தார். நாழிகைக்கு ஒரு தடவை சேலையை விலக்கிச் சட்டியைச் சாய்த்துப் பார்த்தார். பால் பாலாகவே இருந்தது.

"ஆட்டாதீங்க" என்றார் உலகம்மை. "பார்த்துக்கிட்டே இருந்தா உறையாது."

மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது பால் லேசாகக் கட்டியிருந்தது. தளதளவென்று, இன்னும் நிலைகொள்ளாமல். உலகம்மை அதில் ஒரு கரண்டியைப் புதுப் பாலில் ஊற்றினார். அதற்கும் மறுநாள் சட்டி நிறையத் தயிர். கரண்டி விழுந்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. இசக்கியம்மா நக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை நக்கினாள்.

அறவாழிக்கு மூச்சு வந்தது. வந்த கையோடு கவலையும் வந்தது.

"சனத்துக்கு என்ன சொல்றது தாயே? பெரியவர் மோர்னு நம்பி வர்றாங்களே."

உலகம்மை தயிரைக் கடைந்துகொண்டே சொன்னார். தாம் இந்த மடத்துக்கு வந்த வருடம் ஒரு பூனை உறைச்சட்டியைத் தள்ளி உடைத்ததாம். அழுதுகொண்டு நின்ற உலகம்மைக்கு, அப்போது தலைவராக இருந்தவர்தான் காம்பு கிள்ளக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தலைவர் காலத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் சட்டியே வெள்ளத்தோடு போயிருக்கிறது.

"கேட்டவங்ககிட்டே எல்லாம் இதைச் சொல்லியிருக்கேன். சிரிச்சுக்கிட்டே கை நீட்டிக் குடிக்கிறாங்க. நீங்களும் சொல்லுங்க."

குருபூசை அன்று அறவாழிதான் மோர் ஊற்றினார். வந்தவர்களில் ஏழெட்டுப் பேரிடம் நடந்ததைச் சொல்லியும் பார்த்தார். ஒரு கிழவர், வெந்நீரா ஊத்துனீரு, அடப்பாவி மனுசா என்று சிரித்துவிட்டு இரண்டாம் கைக்கும் நீட்டினார்.

பிற்பகலில் கூட்டம் கலைந்தது. அடுப்படியில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள்.

"காம்பிலே நுண்ணுயிர் இருக்கு தாயே. அதுதான் பாலை உறைய வெச்சது. எனக்குத் தெரியும்" என்றார் அறவாழி.

"சரி."

"காம்புக்கு மண்ணிலேருந்தும் காத்திலேருந்தும் வந்திருக்கும்."

"சரி. மண்ணுக்கு?"

அறவாழி வாசல் பக்கம் பார்த்தார்.

"மணி அடிக்கச் சொல்லவா வாத்தியாரய்யா?"

அறவாழி சிரித்தார். அவர் சிரித்து இசக்கியம்மா பார்த்ததே இல்லை. சிரித்ததில் கண் நனைந்துவிட்டது. துடைக்கத் துணி தேடினார். சட்டியைச் சுற்றியிருந்த சேலை மடியில் கிடந்தது. புளிப்பு வாசம் வந்தது. அவர் வீட்டு அடுக்களையிலும் இதே வாசம்தான். அங்கே தினம் உறை ஊற்றியவளிடம், முதல் மோர் ஏது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

சேலையை மடித்து வைத்தார். பிறகு, பழைய கேள்வியை மெல்லக் கேட்டார்.

"எல்லாத்துக்கும் முதல்லே ஒரு பால் உறைஞ்சிருக்குமே தாயே. அது தானா உறைஞ்சதா, ஒரு கை உறைய வெச்சதா?"

உலகம்மை சட்டியைச் சாய்த்துப் பார்த்தார். கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அடியிலே கொஞ்சம் இருக்கு. நாளைக்குப் பாலுக்கு எடுத்து வைங்க."