உச்சிநாதருக்கு ஒதுக்கிய தண்ணீர்

சைக்கிள் பந்தயத்தில் முதலில் வந்தவர் கழுத்தில் மாலை விழும். அவருக்குத் தண்ணீர் சுமந்தவரை யார் கேட்கிறார்கள்? அம்பலவாணர் தண்ணீர் சுமந்தவர். பின்னால் வரும் அணியின் காருக்குப் போய், ஏழெட்டு பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் முதுகிலும் வயிற்றிலும் திணித்துக்கொண்டு, மறுபடி முன்னேறித் தம் அணியினருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். மிதிக்குந்தோறும் ஐந்தெழுத்தை ஓதுவார். அவருடைய பூசை அவ்வளவுதான்.

நாமக்கல்லில் காலையில் புறப்பட்டு, நூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றி, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும் ஒருநாள் பந்தயம் ஆண்டுதோறும் நடக்கும். முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னே, சாலையோரத்தில் கூரையில்லாமல் உச்சிநாதர் லிங்கமாக இருக்கிறார். பந்தயத்தில் தாம் சுமந்த தண்ணீரை ஒருமுறையாவது அவர் தலையில் ஊற்ற வேண்டும் என்பது அம்பலவாணரின் நேர்த்திக்கடன். பஸ்ஸில் போய் ஒரு குடம் ஊற்றினால் ஆகாதா என்றால் ஆகாது. பிடிவாதமில்லாத அடியாரை நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்கென ஒரு பாட்டிலில் திருநீற்றை மூன்று விரலால் பூசித் தனியே வைப்பார். பதினொரு ஆண்டுகளாக அது மலையேறவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! அணியின் நாயகன் பார்கவ் அடிவாரத்தில் அதையும் பிடுங்கிக்கொள்வான்.

"கல்லுக்கு எதுக்குண்ணா தண்ணி? எனக்குத்தான் நாக்கு வறளுது."

கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். உழைத்துக் களைத்த அம்பலவாணர் பின்தங்கிப்போய், பந்தயத்தைப் பாதியில் விட்டவர்களை அள்ளிவரும் கடைசி வேனில் ஏறிக்கொள்வார். உச்சிநாதரை ஜன்னல் வழியே வெறுங்கையோடு கும்பிடுவார்.

பன்னிரண்டாம் ஆண்டு, அவருக்கு முப்பத்தொன்பது வயது. இதுவே கடைசிப் பந்தயம், அடுத்த ஆண்டு அணியில் இடமில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். அன்று பார்கவ் முன்கூட்டியே கூட்டத்தை உடைத்துக்கொண்டு பறந்துவிட்டதால், திருநீற்று பாட்டில் அம்பலவாணரிடமே தங்கியது. அடிவாரத்தில் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். பின்னால் வேன் மட்டும் உறுமியது.

"ஏறிக்கோங்கண்ணா. மூணு மணிக்கு மேல கோட்டத் தாண்டுனாலும் கணக்குல வராதுங்க" என்றான் ஓட்டுநர் செங்கோடன்.

"இன்னைக்கு ஏற மாட்டேன் தம்பி. தண்ணி இருக்குது."

வளைவு வளைவாக ஏறினார். கைதட்ட வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். கிழிந்த காகிதக் கொடிகளும் குரங்குகளுமே இருந்தன. மேலிருந்து கேட்ட ஒலிபெருக்கியும் ஓய்ந்தது. இத்தனை பெரிய மலையில் தம் மூச்சைத் தவிர வேறு துணையில்லை என்பது அவருக்கு நன்றாகவே உறைத்தது. தொண்டை எரிந்தது. அந்த பாட்டிலை அவர் தொடவில்லை.

அறுபத்துநான்காம் வளைவில், எண் இல்லாத பந்தயச் சட்டையோடு ஒருவர் முழங்காலில் இரத்தம் வழிய உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, ஒரு வாய் தண்ணி குடுங்க."

அம்பலவாணர் சைக்கிளை நிறுத்தினார். இன்னும் ஆறே வளைவு. இனி ஒரு பந்தயம் இல்லை. ஆனாலும் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லி அவர் கைக்குப் பழக்கமில்லை. கொடுத்தார். அந்த மனிதர் ஒரு வாய் குடித்துவிட்டு, வெயிலில் வெந்த வீரர்கள் செய்வதுபோல, மிச்சத்தை அப்படியே தம் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டு ஆசை தார்ச்சாலையில் ஓடியது.

"பின்னால வேன் வருதுங்க, ஏறிக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அழுதுகொண்டே மிதித்தார்.

உச்சிக்கு வந்தபோது மணி மூன்றரை. முடிவுக்கோட்டின் அலங்கார வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அம்பலவாணர் மன்னிப்பாவது கேட்போம் என்று லிங்கத்தின் முன்னே போனார்.

லிங்கத்தின் தலை நனைந்திருந்தது. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில், மூன்று விரல் திருநீற்றோடு அவருடைய பாட்டில் காலியாக நின்றது.

வேன் வந்து நின்றது.

"வளைவுல அடிபட்டவர ஏத்திட்டு வந்தியா தம்பி?"

"யாருங்கண்ணா? நீங்க ஒத்தையில நின்னு பாட்டில நீட்டுனதத்தான் பார்த்தேன். உங்களத் தாண்டி ஒரு ஈ காக்கா கூடப் போகலீங்களே!"

அம்பலவாணர் அந்த ஈர மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

மறுநாள் நாளிதழில் பார்கவின் படம் வந்தது. பந்தயத்தை முடிக்காதவர்களின் பட்டியலில் கடைசியாக அம்பலவாணர் பெயர் இருந்தது. ஆளில்லாத மலையில் தாகத்தோடு அவருக்காகக் காத்திருந்தவர் ஒருவர் உண்டு. அவருக்கு நீர் வார்த்த அந்தக் கைகளை நாமும் கும்பிடுவோம்.