கொட்டாவி மட்டும் மிஞ்சிய கதை

அந்தக் காலத்தில், மனிதர்களும் மிருகங்களும் ஒரே பேச்சுப் பேசியபோது, வலி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. முயலின் காலில் முள் தைத்தால் யானை நொண்டும். கரடி தேன் குடித்தால் காடு முழுக்க நாக்கு இனிக்கும். கரடியைத் தேனீ கொட்டினால் அதுவும் எல்லோருக்கும்தான். "உனக்கு என்ன செய்கிறது?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டதே கிடையாது. தனக்குத் தெரியாததா என்ன?

இதில் அதிகம் அவதிப்பட்டவள் மருந்துக்காரி சடைச்சிதான். ஒரு பல் சொத்தையானால் காடே தாடையைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்துவிடும். கொக்குக்குப் பல்லே கிடையாது, அதுவும் வரிசையில் நிற்கும். "வலி இருக்கு, சரி. யாரோட வலி?" என்று அவள் நாளெல்லாம் யோசிப்பாள்.

"யாரோடதா இருந்தா என்ன ஆத்தா? வலிக்குது, அவ்வளவுதான?" என்று மருந்து அரைத்தபடியே அவள் மகள் மருதி சிரிப்பாள்.

ஒரு நாள் காலையில் எல்லோர் நாக்கும் கசந்தது. சற்று நேரத்தில் எல்லோர் வயிறும் முறுக்கியது. அந்தக் கசப்பு சடைச்சிக்குத் தெரியும். யாரோ ஒருவர் விஷக் காளானைத் தின்றிருக்கிறார். விஷத்தை முறிக்கும் வேர்ச்சாறு அவளிடம் ஒரு சிரட்டைதான் இருந்தது. தின்றவர் பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் குடித்தால்தான் பிழைப்பார். பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு சொட்டுகூட வராது.

"காளான் தின்னது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்க்கா," என்றது யானை.

"நான்தான்," என்றது கொக்கு.

"நீ மீன் தின்கிறவனாச்சே."

"அது சரி. ஆனா நாக்கு கசக்குதே. நான் தின்னாம என் நாக்கு எப்படிக் கசக்கும்?"

"நானாத்தான் இருக்கும் ஆத்தா," என்றாள் மருதி. சடைச்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும்தான் அப்படிச் சொன்னார்கள், யாரும் பொய் சொல்லவும் இல்லை. கேட்டவளுக்கே, தின்றது தானோ என்று சந்தேகமாக இருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் எந்த வலிக்கும் வரிசையில் வராதது கறையான் மட்டும்தான். சடைச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புற்றுக்கு ஓடினாள். அவளுடைய நாயும் முனகிக்கொண்டே பின்னால் வந்தது.

"ஒவ்வொரு உடம்பிலேருந்தும் கண்ணுக்குத் தெரியாத நூலுங்க மண்ணுக்குள்ள இறங்குது. எல்லாம் எங்க புத்துலதான் வந்து முடிச்சாகுது. எங்க நூலை நாங்க எப்பவோ தின்னுட்டோம்," என்றது ஒரு கிழட்டுக் கறையான்.

"அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

"நிம்மதியா இருந்துச்சு. கொஞ்சம் தனியாவும் இருந்துச்சு."

"எல்லா நூலையும் அறுத்துடுங்க. வலி யார்கிட்ட நிக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

"எங்களுக்கு அறுக்கத்தான் தெரியும், ஒட்டத் தெரியாது. நாளைக்கு உம்மக அழுதா உனக்கு ஒண்ணும் தெரியாது. அவ சொன்னாத்தான் உண்டு. சொல்றதை நீ நம்பினாத்தான் உண்டு."

சடைச்சி வானத்தைப் பார்த்தாள். வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. இன்னும் யோசித்தால் ஓர் உயிர் போய்விடும்.

"அறுங்க," என்றாள்.

கறையான்கள் மளமளவென்று அரித்தன. கசப்பு போயிற்று. வயிற்று முறுக்கும் சட்டென்று நின்றது. கடைசியில் ஒரு மெல்லிய நூல் மிஞ்சியது. வலி விட்ட சுகத்தில் நாய் நிழலில் படுத்து வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. உடனே சடைச்சிக்கும் வந்தது.

"இது கொட்டாவி நூல். இதால யாரும் சாகப்போறதில்ல. எங்களுக்கும் வயிறு நெறைஞ்சுபோச்சு," என்று கறையான்கள் அதை விட்டுவிட்டன.

சடைச்சி திரும்பி ஓடினாள். யானை மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. கொக்கு குளத்துக்குப் போய்விட்டது. அம்மிக்குப் பக்கத்தில் ஒருத்தி மட்டும் சுருண்டு கிடந்தாள். மருதி.

மகளின் முகம் வேர்த்துக் கோணியிருந்தது. தாயின் வயிறோ அமைதியாக இருந்தது. காளானைவிட அந்த அமைதிக்குத்தான் சடைச்சி அதிகம் பயந்தாள். சிரட்டையை எடுத்து மகளின் வாயில் சாய்த்தாள்.

பொழுது சாயும்போது மருதி கண் திறந்தாள். அதுவரை யாரும் யாரையும் கேட்டிராத ஒன்றைச் சடைச்சி கேட்டாள்.

"இப்ப எப்படிடி இருக்கு?"

"உனக்குத் தெரியலையா ஆத்தா?"

"தெரியலடி."

மருதி வார்த்தை தேடினாள். "ஈரத்துணியைப் பிழியிற மாதிரி இருக்கு."

"இறுக்கிப் பிழியிற மாதிரியா, மெதுவாவா?"

"மெதுவாத்தான். நடுவுல விட்டுவிட்டு."

சடைச்சி தன் வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் கண் கலங்கியது.

"நான் சரியாச் சொல்லலையா?"

"நீ சரியாத்தான் சொல்லியிருப்ப. எனக்குத்தான் எட்டல."

அசதியில் மருதி ஒரு கொட்டாவி விட்டாள். சடைச்சிக்கும் வந்தது. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்று வராதா என்று காத்திருந்தாள்.

அன்று முதல்தான் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறோம், பதில் வந்த பிறகும் மறுபடி கேட்கிறோம், பக்கத்தில் இருப்பவர் விடும் கொட்டாவி மட்டும் கேட்காமலே நமக்கும் வந்துவிடுகிறது.